வாடைக்காலத்துக் குறிப்புகள்

நவம்பர் 10, 2024

பெர்த் நகரிலிருந்து மகள் இன்று காலை தொலைபேசியில் அழைத்தாள். நம் கடற்படையின் 'தாரிணி' என்னும் பாய்மரப் படகு, தில்னா, ரூபா என்ற இரண்டு பெண் அதிகாரிகளை மட்டும் ஏற்றிக்கொண்டு, அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவை விட்டுப் புறப்பட்டு, நேற்று அவர்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள ஃப்ரிமான்டில் துறைமுகத்தை அடைந்த செய்தியை, தானே அதைச் செலுத்தி வந்தவள்போல மூச்சுவிடாமல் சொன்னாள். "அதுல ரூபா நம்ம பாண்டிச்சேரிப் பொண்ணுப்பா!" என்றாள். நல்ல சமாசாரந்தான் என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கையிலேயே இன்னொரு விஷயத்தையும் நைசாக நுழைத்துவிட்டாள்: வருகிற ஆண்டு விடுமுறையில் ஒரு பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்து, குடும்பமாகத் தீவு தீவாகச் சுற்றப் போகிறார்களாம், மாலுமி வேண்டாமாம், மாப்பிள்ளையே செலுத்துவாராம், நானும் வந்தே தீர வேண்டுமாம்.

வியாபாரக் காற்றையும் பருவக் காற்றையும் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டியே உத்தியோக காலம் முழுவதையும் கழித்தவன் நான். புதுச்சேரிக் கடற்கரையில் கால் நனைத்ததற்குமேல் சமுத்திரத்தோடு எனக்கு யாதொரு சம்பந்தமும் கிடையாது. காற்றை நம்பிக் குழந்தைகளோடு கடலில் இறங்குவதற்கு உல்லாசம் என்று பெயரிட்ட மகானுபாவர் யாரோ, அவரை ஒருமுறை தரிசிக்க வேண்டும்.

நவம்பர் 13

மகள் அனுப்பிய விளம்பரங்களைப் பக்கத்து வீட்டுப் பையன் அச்செடுத்துக் கொடுத்தான். எங்கும் ஒரே நீலம், எல்லோரும் சிரிக்கிறார்கள், ஒருவருக்கும் தலை கலையவில்லை. ஆயினும், பழைய நிலப்பட நூலை மடியில் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வோர் இடமாகப் பார்த்து வந்தபோது, இவ்விடங்களையெல்லாம் காற்றே தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறது என்பது புலப்பட்டது. சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

கிரேக்கத் தீவுகளுக்கிடையே ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், வானத்தில் ஒரு மேகமும் இல்லாத வேளையிலும் வடக்கிலிருந்து மெல்டெமி என்ற காற்று பலங்கொண்டு கிளம்பி, தேர்ந்த மாலுமிகளையே துறைமுகத்தில் முடக்கிப் போட்டுவிடும். குரோவேஷியாவின் டால்மேஷியக் கரையில், நூற்றுக்கணக்கான தீவுகளும் திட்டுகளும் அலைகளைத் தடுத்து நிறுத்தினாலும், மலைகளிலிருந்து இறங்கும் போரா என்ற குளிர்காற்று சொல்லாமல் வந்து அந்த அமைதியைக் குலைக்கும். பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளிலோ டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கீழ்த்திசையிலிருந்து வியாபாரக் காற்று மாறாமல் வீசுவதாலும், ஒரு தீவிலிருந்து பார்த்தால் அடுத்தது கண்ணுக்குத் தெரிவதாலும், கற்றுக்குட்டிகளுக்கு அதுவே உத்தமமான இடமாம். 2017 செப்டம்பரில் இர்மா என்ற சூறாவளி அங்கே வாடகைப் படகுகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் குவித்ததை இந்தக் காகிதங்கள் சொல்லவில்லை. எனக்கு நினைவிருக்கிறது.

மகளின் மனோரதம் குயின்ஸ்லாந்துக் கரையிலுள்ள விட்சண்டே தீவுகள். பெரும் பவளத் திட்டுக்கு உட்புறமாக 74 தீவுகள். நவம்பர் முதல் மே வரை அங்கே நச்சு ஜெல்லி மீன்களின் காலம்; ஆகையால் ஜூன் பிறந்த பிறகு போவதே நலம். படகை எடுக்க உரிமம்கூட வேண்டியதில்லை. செலுத்தும் விதத்தைச் சொல்லிக்கொடுத்துச் சாவியைக் கையில் தந்துவிடுவார்களாம். இங்கே ஒரு ஸ்கூட்டர் ஓட்டுவதற்கு எட்டுப் போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது!

நவம்பர் 15

ஐப்பசிப் பௌர்ணமி, அன்னாபிஷேகம். கிரிவலக் கூட்டத்தில் எங்கள் திருவண்ணாமலையில் தெருவைக் கடக்க முடியவில்லை.

நவம்பர் 21

வெளிநாட்டார் வரத்து தொடங்கிவிட்டது. ரமணாசிரமத்துக்கு எதிரேயுள்ள தேநீர்க் கடையில், பிரெட்டனி கரையைச் சேர்ந்த ஒரு பிரெஞ்சுக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்குச் சொந்தத்தில் ஒரு பாய்மரப் படகு உண்டென்றும், அதை மலேசியாவின் லங்காவியில் கட்டிப்போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்றும் தெரிந்தவுடனே, தேடிப்போகாமலே ஒரு சாட்சி கிடைத்துவிட்டான் என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. படகு இருக்க விமானத்தில் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். நவம்பரில் வங்காள விரிகுடாவைக் குறுக்கே கடக்கிறவனுக்குப் புத்தி சுவாதீனத்தில் இருக்காது என்று சொல்லிச் சிரித்தார்.

உயிரைக் காப்பது எது, பாயா, சுக்கானா என்றேன். கடைக்காரர் கொடியாகக் கட்டியிருந்த கயிற்றின் நுனியை அவர் எடுத்து, ஒரு சிறு கண்ணி போட்டு, முனையை அதற்குள் கீழிருந்து மேலாக நுழைத்து, பின்புறமாகச் சுற்றி, மறுபடியும் அதே கண்ணிக்குள் இறக்கி இழுத்தார். எவ்வளவு இழுத்தாலும் வளையம் இறுகவில்லை. அவிழ்க்க நினைத்தபோது விரலால் தள்ளியவுடன் அவிழ்ந்தது. பால் ஊற்ற வந்த மனிதர் கேனை இறக்கி வைத்துவிட்டு இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது கன்னுக்குட்டி கழுத்துக்குப் போடுறதுதானே, வாத்தியாரய்யா! இறுகிச்சுன்னா செத்துடுமே" என்றார். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் பிரெஞ்சுக்காரர் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நவம்பர் 26

இதெல்லாம் நம்மவர்க்கு ஒத்துவராத காரியம் என்று மகளுக்கு எழுதிக் கழற்றிக்கொள்ளலாம் என்று நேற்றிரவு யோசித்தேன். விடிந்து பார்த்தால் அந்தச் சமாதானம் நிற்கவில்லை. தூத்துக்குடித் தோணிகள் பாய்விரித்துக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிப் போனவை. தென்மேற்குக் காற்று முரடாகும் மாதங்களில் கரையிலேயே தங்கி, அது தணிந்தபின் புறப்பட்டவை. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற கப்பலை, சிறு படகில் உலகத்தைச் சுற்றிவந்த ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்க, அவ்வூர்த் தமிழ் மாலுமிகள் அதை அட்லாண்டிக்கின் மறுகரைக்குக் கொண்டுசென்று 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாகாணத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். கூலிக்குப் போனவர்கள்தாம். நடுச்சமுத்திரத்தில் காற்று வாய்த்து, பாய் நிறைந்து நின்ற ஏதோ ஒரு காலைப்பொழுதில் அவர்களுக்கும் உல்லாசமாக இராமலா இருந்திருக்கும்? அதை எழுதி வைக்கத்தான் அவர்களுக்கு ஒழிவில்லை.

நவம்பர் 30, இரவு

ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகே கரையேறுகிறது. கடல் இங்கிருந்து சாலைவழியே நூறு கிலோமீட்டருக்கு மேல். ஜன்னல் தாழ்ப்பாளைத் துணியால் கட்டினேன்.

டிசம்பர் 2

மின்சாரம் இல்லை. நேற்று மாலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவிலிருந்து பாறையும் மண்ணும் வீடுகளின்மேல் விழுந்திருக்கின்றன. ஏழு பேர் உள்ளே. அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள்.

டிசம்பர் 3

ஒருவரும் மீளவில்லை.

டிசம்பர் 6

தெருவில் யாரும் உரத்துப் பேசுவதில்லை. தீபத் திருவிழாக் கொடியேற்றம் நாலாம் தேதியே நடந்துவிட்டது. உற்சவத்துக்குக் கூட்டம் வருகிறது. ஆனால் பால் வாங்கப் போகிறவர்கள்கூட நின்று, மலையை அடிவாரத்திலிருந்து மேல்நோக்கி மெல்லப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறார்கள். புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட, தென்பெண்ணை கரைபுரண்டு விழுப்புரம், கடலூர்ப் பக்கங்களை மூழ்கடித்தது.

மேசையில் அந்த விளம்பரங்கள் கிடந்தன. கிழிக்கலாமென்று எடுத்தவன், தாய்லாந்தின் புக்கெட் தீவைப் பற்றிய தாளைப் படிக்கத் தொடங்கிவிட்டேன். 1987 முதல் டிசம்பர் முதல் வாரங்களில் அங்கே அரசர் பெயரால் பாய்மரப் படகுப் பந்தயம் நடக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று அங்கே நிலத்தின்மீது வந்து, மழையைத் துறந்து, தெளிந்த வானத்தோடும் அடங்கிய கடலோடும் மேற்குக் கரையை அடைகிறதாம்; அதே பருவக்காற்று விரிகுடாவின் ஈரத்தையெல்லாம் வாரிக்கொண்டு நம் கரைக்கு வந்துசேர்கிறது. பல்லாண்டுகளாக மாணவர்களுக்கு ஐந்து மதிப்பெண் வினாவாகக் கொடுத்த பாடம் இது. இன்று தாளைக் கீழே வைத்துவிட்டேன்.

மாலையில் மகள் அழைத்தாள். படகைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. "அப்பா, நம்ம வீடு மலைக்கு எவ்வளவு தூரம்? நீங்க கொஞ்ச நாள் வேலூர்ல சித்தி வீட்டுல போயி இருங்களேன்" என்றாள். பிறந்த ஊரை விட்டு எங்கே ஓடச் சொல்கிறாய் என்று சீறிவிட்டேன். மறுமுனையில் நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. "நான் அங்க படகுல போனா நீங்க தூங்குவீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

டிசம்பர் 13

தீபம். மண்சரிவுக்கு அஞ்சி இவ்வாண்டு பக்தர்களை மலையேற விடவில்லை. மாடியில் பிரெஞ்சுக்காரரும் வந்து நின்றார். சரியாக ஆறு மணிக்குச் சிகரத்தில் சுடர் எழுந்து, நகரமெங்கும் அரோகரா என்ற கோஷம் கிளம்பியபோது, எல்லோரும் கைகூப்பி நிற்க, அவரும் கூப்பினார். கூப்பியவாறே, சுடர் எந்தத் திசைக்குச் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் நானும் பார்த்தேன்.

டிசம்பர் 23

தாரிணி நேற்று நியூசிலாந்தின் லிட்டல்டன் துறையை அடைந்துவிட்டது. இனி ஹார்ன் முனைப் பக்கம் போக வேண்டும்; இரண்டு பேருமே தனியாக.

மகள் ஜூன் மாதத்துத் தேதிகளை அனுப்பியிருக்கிறாள்; மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்ட வேண்டுமாம். பாஸ்போர்ட் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே காலாவதியானது. புதுப்பிப்பதற்கு என்னென்ன வேண்டுமென்று பக்கத்து வீட்டுப் பையனிடம் விசாரித்து வைத்தேன். பாஸ்போர்ட் எதற்காகவும் பயன்படும் ஆகையால் இதில் ஒன்றும் தவறில்லை. அந்தத் தீவுகளில் ஜூனில் இரவு குளிருமா, கம்பளி வேண்டுமா என்பதை அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆசைதான். கேட்டால், வருவதாகச் சொல்லிவிட்டேன் என்று எடுத்துக்கொள்வாள்.