காற்று சம்மதித்த மூன்றாம் நாள்



போன வாரம் நான் போட்ட பலூன் படத்தைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். "சார், நிஜமாவே ஏறினீங்களா, இல்ல பக்கத்துல நின்னு படம் எடுத்துக்கிட்டீங்களா?" என்று பத்தாம் வகுப்பு கடைசி பெஞ்சு குறும்புக்காரன் ஒருவன். "இந்த வயசுல இது தேவையாண்ணே?" என்று என் சித்தி மகள். "செலவு எவ்வளவு?" என்று பாதிப் பேர். தனித்தனியாகப் பதில் எழுத என் கண் ஒத்துழைக்காது. எல்லோருக்கும் சேர்த்து இந்த நீண்ட பதிவு.

ஏறியது உண்மை. இடம், துருக்கி நாட்டின் நடுவே இருக்கும் கப்படோக்கியா. விவிலியம் வாசித்தவர்களுக்குக் கப்பத்தோக்கியா என்ற பெயரில் பழக்கமாகியிருக்கும். அங்கே கோரெமே என்ற சிற்றூரில் நானும் என் துணைவியாரும், ஜெர்மனியில் வேலை பார்க்கும் எங்கள் மகளும் தங்கினோம். செலவு மகளுடையது. தொகையை இன்றுவரை அவள் என்னிடம் சொல்லவில்லை. ஓய்வூதியக்காரரின் இதயத்தின் மேல் அவளுக்கு அவ்வளவு அக்கறை.

முதலில் அந்த நிலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பகுதியின் எரிமலைகள் கக்கிய சாம்பல் அடுக்கடுக்காகப் படிந்து இறுகி, டஃப் எனப்படும் மென்மையான பாறையாயிற்று. அதன் மேல் சில இடங்களில் கெட்டியான எரிமலைக் குழம்புப் பாறை மூடியது. பிறகு மழையும் பனியும் காற்றும் வேலையைத் தொடங்கின. மென்பாறை கரைந்து ஓடியது. எங்கெல்லாம் தலைக்கு மேல் கெட்டிக் கல் குடை பிடித்ததோ, அங்கெல்லாம் அதன் கீழிருந்த தூண் தப்பித்து நின்றது. தொப்பி போட்ட காளான் மாதிரி ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. துருக்கிக்காரர்கள் அவற்றைத் தேவதைகளின் புகைபோக்கி என்கிறார்கள்.

நம் மாமல்லபுரத்து ரதங்களைச் செதுக்கியவர்கள் இறுகிய கருங்கல்லோடு மல்லுக்கட்டினார்கள். இங்கே பாறை இளகிய மனசுக்காரன். எளிய கருவிகளே போதும், குடைந்துவிடலாம். காற்றுப் பட்ட பிறகு அதன் மேல்பரப்பு சற்று இறுகிக்கொள்ளும். அதனால்தான் மனிதர்கள் வீடு, தொழுவம், தேவாலயம், புறாக்கூடு எல்லாவற்றையும் பாறைக்குள்ளேயே குடைந்துகொண்டார்கள். 1985-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

சரி, ஏன் பலூன்? இதுவரை இங்கே எழுதாத ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு கண்ணாடி மாற்றப் போனேன். மருத்துவர் வழக்கம்போலக் கண்ணின் அழுத்தத்தையும் அளந்து பார்த்தார். மறுபடி அளந்தார். கிளாக்கோமா என்றார். கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தத்தால் பார்வை நரம்பு மெல்ல மெல்லப் பழுதாகிற நோய். வலி கிடையாது, சிவப்பு கிடையாது. நேரே இருப்பது நன்றாகத் தெரியும். ஓரங்கள்தான் முதலில் போகும். போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து.

இப்போது பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் பேசினால், தலையைத் திருப்பினால்தான் அவர் எனக்குத் தெரிவார். படியிறங்கும்போது துணைவியாரின் கை வேண்டும். ஒளியும் வில்லைகளும் முப்பத்தொரு வருடம் நடத்தியவனுக்கு இது கொஞ்சம் கேலியாகத்தான் இருக்கிறது.

போன ஆண்டு மகள் கேட்டாள், "அப்பா, என்ன பார்க்கணும்னு உங்களுக்கு ஆசை?"

"வெப்பக்காற்று பலூன்ல ஒரு தடவை."

என் துணைவியார் தலையில் அடித்துக்கொண்டார். "ஏங்க, காசி, ராமேஸ்வரம்னு சொல்வீங்கன்னு பார்த்தா!"

காரணம் இருந்தது. குச்சியின் இரு முனையிலும் காகிதப் பைகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சமன் செய்து, ஒரு பைக்குக் கீழே மெழுகுவத்தியைக் காட்டும் சோதனை என் மாணவர்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பை மேலே போகும். வகுப்பு கைதட்டும். சூடான காற்றின் அடர்த்தி குறைவு, அதனால் மேலே போகிறது என்று கரும்பலகையில் எழுதுவேன். அதே விதி ஆளைத் தூக்குமா என்று உடம்பால் தெரிந்துகொள்ள ஒரு ஆசை. கண் மருத்துவரிடம் அனுமதி கேட்டோம். போய் வாருங்கள் என்றார்.

ஒரு சின்னக் கணக்கு. கடல் மட்டத்தில் 15 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.2 கிலோ. அதை 100 டிகிரிக்குச் சூடாக்கினால் சுமார் 0.95 கிலோ. வித்தியாசம் வெறும் கால் கிலோ. ஆனால் பலூனின் கொள்ளளவு பத்தாயிரம் கன மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை டன்னைத் தூக்கலாம். துணி, கூடை, எரிவாயு உருளைகள், இருபது மனிதர்கள், எல்லாம் அதில் அடங்கும். ஆர்க்கிமிடிஸ் தண்ணீருக்குச் சொன்னது காற்றுக்கும் பொருந்துகிறது, அவ்வளவுதான்.

பிரான்சில் மாண்ட்கோல்ஃபியே சகோதரர்கள் 1783 செப்டம்பரில் ஓர் ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவலைத்தான் முதலில் ஏற்றி அனுப்பினார்கள். மனிதர்கள் இருவர் சுதந்திரமாகப் பறந்தது அதே ஆண்டு நவம்பர் 21-ல். புகையில் ஏதோ ஒரு விசேஷ வாயு இருப்பதாகத்தான் அந்தச் சகோதரர்கள் நம்பினார்கள். விளக்கம் தப்பு. பலூன் அதற்காகக் காத்திருக்கவில்லை, பறந்துவிட்டது. இன்று நாம் ஏறுவது புரோபேன் வாயு எரிப்பானும் நைலான் துணியும் கொண்ட நவீன வகை. 1960-ல் அமெரிக்காவில் எட் யோஸ்ட் பறந்து காட்டியது.

விடியற்காலையில் பறப்பதற்குக் காரணம் அழகு மட்டுமல்ல. வெளிக்காற்று குளிர்ந்திருந்தால் தூக்கும் விசை அதிகம். வெயில் ஏறித் தரை சூடானால் காற்று கிளம்பிக் கன்னாபின்னாவென்று அலையும். அதற்குள் இறங்கிவிட வேண்டும்.

முதல் நாள் அதிகாலை நான்கு மணிக்குத் தயாராக இருந்தோம். "இன்று பறக்கவில்லை" என்று செய்தி வந்தது. வெளியே வந்து பார்த்தால் ஓர் இலைகூட அசையவில்லை. விடுதி வாசலில் சிலர் கோபப்பட்டார்கள். ஆனால் தரையில் இருக்கும் காற்று வேறு, முந்நூறு மீட்டர் உயரத்தில் இருக்கும் காற்று வேறு. அங்கே பறக்கலாமா கூடாதா என்று தீர்மானிப்பது டிக்கெட் விற்கும் நிறுவனங்கள் அல்ல, அரசின் விமானப் போக்குவரத்துத் துறை. 2013-ல் எகிப்தின் லக்சரில் பலூன் தீப்பிடித்து விழுந்து 19 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு கப்படோக்கியாவிலும் இரண்டு பலூன்கள் மோதி உயிரிழப்பு நேர்ந்தது. 'வேண்டாம்' என்று சொல்ல அதிகாரம் உள்ள ஒருவர் இருக்கிறார் என்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது.

அன்று டெரின்குயு போனோம். 'ஆழமான கிணறு' என்று பொருள். சுமார் 85 மீட்டர் ஆழத்துக்குக் குடைந்த பாதாள நகரம். எதிரி வந்தால் வழியை அடைக்க உருட்டிவிடும் வட்டக் கற்கதவுகள், மூச்சுவிடக் காற்றுக் குழாய்கள். ஆனால் குனிந்து இறங்கும் இருட்டுப் படிகள். இரண்டு தளத்தோடு நான் நின்றுகொண்டேன். மற்ற இருவரும் இறங்கி வரும்வரை காற்றுக் குழாயின் பக்கத்தில் நின்று, மேலிருந்து வரும் குளிர்ச்சியை முகத்தில் வாங்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாளும் சிவப்புக் கொடி. அன்று கோரெமே திறந்தவெளி அருங்காட்சியகத்தில் 'இருட்டுத் தேவாலயம்' பார்த்தோம். வெளிச்சம் மிகக் குறைவாகவே உள்ளே வந்ததால்தான் அதன் சுவரோவியங்கள் ஆயிரம் ஆண்டுகள் ஆகியும் நிறம் மங்காமல் இருக்கின்றன. நீலம் அப்படியே நீலமாக இருக்கிறது. வேறு சில தேவாலயங்களில் ஓவியத்து மனிதர்களின் கண்களை மட்டும் யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள். என் துணைவியார் அந்தப் பக்கம் என்னை அதிக நேரம் நிற்கவிடவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் மாலை இஸ்தான்புல் திரும்ப வேண்டும். "அடுத்த வருஷம் வரலாம்ப்பா" என்றாள் மகள். வரலாம். அடுத்த வருடம் எவ்வளவு தெரியும் என்பதுதான் கேள்வி. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் பச்சைக் கொடி.

மைதானத்தில் இருட்டில் பலூன்கள் படுத்துக் கிடந்தன. பெரிய விசிறிகளால் முதலில் குளிர்ந்த காற்றை நிரப்பினார்கள். பிறகு எரிப்பானைத் திறந்தார்கள். சீறிக்கொண்டு நெருப்பு போனதும் துணி மெல்ல எழுந்து உட்கார்ந்து, பிறகு நின்றது. கூடை பிரம்புப் பின்னல். இறங்கும்போது வரும் அதிர்ச்சியை வளைந்து வாங்கிக்கொள்ள இன்றைக்கும் இதைவிடச் சிறந்தது இல்லையாம். பக்கவாட்டில் கால் வைக்க ஓட்டைகள். எனக்கு அவை தெரியவில்லை. துணைவியார் கீழே நின்று என் பாதத்தைப் பிடித்து ஒவ்வோர் ஓட்டையிலும் வைத்துவிட்டு, பிறகு தானும் ஏறினார்.

தரையை விட்டதே தெரியவில்லை. குலுக்கல் இல்லை. தரைதான் கீழே போனது. காற்று முகத்தில் அடிக்கும் என்று நினைத்திருந்தேன். அடிக்கவில்லை. காற்றோடு காற்றாக நாமும் போவதால் காற்றே தெரியாது. ஆசிரியர் புத்தி போகுமா? பையிலிருந்து ஒரு மெல்லிய காகிதக் கீற்றை எடுத்துத் தொங்கவிட்டேன். அசையாமல் நேராகத் தொங்கியது. எரிப்பான் நிற்கிற இடைவெளிகளில் கீழே எங்கோ நாய் குரைப்பது கேட்டது. எரியும்போது மட்டும் என் வழுக்கைத் தலை அடுப்பங்கரைக்குள் இருந்தது.

"மேலே, கீழே, இது ரெண்டுதான் என் கையில. திசை எல்லாம் காற்று கையில" என்றார் விமானி. மகள் மொழிபெயர்த்தாள். ஒவ்வோர் உயரத்திலும் காற்று ஒவ்வொரு பக்கம் போகும். வேண்டிய திசையில் போகும் காற்று எந்த உயரத்தில் இருக்கிறதோ, அங்கே ஏறியோ இறங்கியோ அதைப் பிடித்துக்கொள்கிறார். ஒரு பள்ளத்தாக்குக்குள் இறங்கினார். புகைபோக்கிப் பாறைகள் கைக்கெட்டும் தூரத்தில். பாறைச் சுவரில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள், புறாக்கூடுகள். எச்சத்தைத் திராட்சைத் தோட்டத்துக்கு உரமாகப் போடத்தான் அந்தக் காலத்தில் புறா வளர்த்தார்கள்.

மறுபடி மேலே ஏறினோம். சூரியன் வந்தது. சுற்றிலும் நூற்றுக்கும் மேற்பட்ட பலூன்கள் என்றார்கள். எனக்குத் தெரிந்தது ஏழெட்டு. எனக்கு நேரே இருந்தவை மட்டும்.

அப்போது விமானி ஒரு கயிற்றை இழுத்தார். பலூனின் பக்கவாட்டில் உள்ள துவாரம் வழியாகச் சூடான காற்று ஒருபுறமாக வெளியேற, பலூன் எதிர்ப்பக்கமாகச் சுழலத் தொடங்கியது. நியூட்டனின் மூன்றாம் விதி. கூடையின் எல்லாப் பக்கத்தில் நிற்பவர்களும் எல்லாவற்றையும் பார்க்கட்டும் என்பதற்காகச் செய்வது. நான் கழுத்தைத் திருப்பவில்லை. அசையாமல் நின்றேன். உச்ஹிசார் கோட்டைப் பாறை வந்தது, போனது. இளஞ்சிவப்புப் பள்ளத்தாக்கு வந்தது. பலூன்கள் ஒவ்வொன்றாக வந்தன, நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். அப்புறம் தூரத்தில் பனி மூடிய எர்ஜியெஸ் மலை, 3,917 மீட்டர். இந்த நிலத்தையே உண்டாக்கிய எரிமலைகளில் ஒன்று. அதுவும் என் முன்னால் வந்து, சாவகாசமாக நகர்ந்தது.

நாற்பத்தேழு வரை எண்ணினேன். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

"என்னங்க, தெரியுதா?" என்றார் துணைவியார்.

"தெரியுது."

சுமார் ஒரு மணி நேரம். இறங்கும்போது முழங்காலைச் சற்று மடக்கி, கயிற்றுப் பிடியைப் பற்றிக்கொண்டு, போகும் திசைக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னார்கள். நேராக இழுவை வண்டியின் மேலேயே கூடையை உட்காரவைத்தார் அந்த மனிதர். காசி கேட்ட என் துணைவியார் இறங்கியதும் மகளிடம் கேட்ட முதல் கேள்வி, "இது வேற எந்த ஊர்ல இருக்கு?"

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். கோரெமேயில் குறைந்தது மூன்று இரவாவது தங்குங்கள். முதல் நாளுக்கே பதிவு செய்யுங்கள், ரத்தானால் அடுத்த நாள் இருக்கும். மே மாதத்திலும் விடியற்காலை குளிரும், கம்பளி வேண்டும். முழங்கால், முதுகுத் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

போகாதவர்களுக்கும் ஒன்று. நாற்பது வயதைத் தாண்டியவர்கள், குறிப்பாக வீட்டில் யாருக்காவது கிளாக்கோமா இருந்தால், கண் அழுத்தத்தையும் நரம்பையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். நன்றாகத்தானே தெரிகிறது என்று இருக்காதீர்கள். எனக்கும் நன்றாகத்தான் தெரிந்தது.

கேள்விகள் இருந்தால் கீழே கேளுங்கள். பதில் தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள், சொட்டு மருந்து விடும் நேரமாக இருக்கும்.