மேலே ஏற மறுத்த கோடு

எம்.எஸ்ஸி. கடைசி வருட ப்ராஜெக்ட் என்ன என்று வீட்டில் கேட்டார்கள். "இரும்பை ஆசிட்ல போட்டு, கரையாம காப்பாத்தறது" என்றேன். "போடாமலே இருந்தா கரையாதேடா?" என்றார் அம்மா. நியாயமான கேள்விதான். :-)

ஆனால் போட்டுத்தான் ஆக வேண்டும். சூடாக உருட்டி எடுத்த எஃகின் மேல் ஆக்சைடு கருப்புச் செதிலாக ஒட்டியிருக்கும். அதைப் போக்காமல் துத்தநாக முலாம் பூச முடியாது. அதனால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலோ கந்தக அமிலத்திலோ முக்குவார்கள். தொழிலில் இதற்குப் 'பிக்ளிங்' என்று பெயர். அமிலத்துக்குச் செதில் எது, எஃகு எது என்ற பேதமெல்லாம் கிடையாது, இரண்டையும் தின்னும். போதாததற்கு, அப்போது உண்டாகும் ஹைட்ரஜனில் கொஞ்சம் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும்படி ஆக்கிவிடும். செதில் போக வேண்டும், எஃகு தங்க வேண்டும். இதற்காகத்தான் அமிலத்தில் தடுப்பான் சேர்க்கிறார்கள்.

எனக்கு வாய்த்த தடுப்பான் செட்டைல் ட்ரைமெத்தில் அம்மோனியம் புரோமைடு, சுருக்கமாக சி.டி.ஏ.பி. வெள்ளைப் பொடி. சாவ்லானில் இருக்கும் செட்ரிமைடுக்கு நெருங்கிய சொந்தம். சோப்பைப் போல இதுவும் ஒரு சர்ஃபாக்டன்ட். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், 16 கார்பன் நீள வாலுக்குப் பிடிக்காது. தலையில் நேர்மின்சுமை. அமிலத்திலுள்ள குளோரைடு அயனிகள் முதலில் எஃகின் மேல் போய் உட்காரும். அந்த எதிர்மின்சுமையைப் பிடித்துக்கொண்டு தலைகள் ஒட்டும். வால்கள் சேர்ந்து எண்ணெய்ப் படலம் போல அமிலத்தைத் தள்ளி நிறுத்தும்.

சோதனை ரொம்ப எளிது. எம்.எஸ். தகட்டை எமரித் தாளில் தேய்த்து, அசிட்டோனில் கழுவி, எடை போட்டு, 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தொங்கவிட வேண்டும். சில மணி நேரம் கழித்து எடுத்து, கழுவிக் காயவைத்து மறுபடி எடை. வெறும் அமிலத்தில் 100 மில்லிகிராம் குறைந்து, மருந்து சேர்த்ததில் 15 மில்லிகிராம் மட்டும் குறைந்தால் பாதுகாப்பு 85%.

மருந்தைக் கூட்டக் கூட்டப் பாதுகாப்பு விறுவிறுவென ஏறியது. அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. இரண்டு மடங்கு போட்டேன், நகரவில்லை. நான்கு மடங்கு? ஊஹூம். தராசைச் சந்தேகப்பட்டு மூன்று நாள் திரும்பத் திரும்பச் செய்தேன். அதே கதை.

பக்கத்து மேசை நண்பன் சொன்னான்: "மச்சி, கடைசி மூணு ரீடிங்கை மட்டும் கொஞ்சம் ஏத்திப் போடு. யாரு வந்து எடை போட்டுப் பாக்கப் போறா?" உண்மையைச் சொல்கிறேன், பென்சிலில் எழுதியும் பார்த்தேன். 92, 95, 98. கிராஃப் அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் கைடு மேடம் முன்னால் நின்றபோது அந்தத் தாளை நீட்டக் கை வரவில்லை. பழைய தாளைக் கொடுத்து, "தப்பா வந்திருக்கு மேடம்" என்றேன். பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "தகட்டுல இடம் இருந்தாத்தானே உட்கார முடியும்? இடம் தீர்ந்துட்டா மிச்சம் எங்கே போகும்?"

மிச்சம் கரைசலுக்குள்ளேயே கூட்டம் சேரும். வால்களை உள்ளே மறைத்து, தலைகளை வெளியே காட்டும் சின்னச் சின்ன உருண்டைகள், அதாவது மைசெல்கள். சுத்தமான தண்ணீரில் 25 டிகிரியில் சுமார் 1 மில்லிமோலாரில், லிட்டருக்கு ஏறக்குறைய 0.36 கிராமில், இது தொடங்கும். அமிலத்தில் மற்ற அயனிகள் தலைகளின் விலக்கத்தைத் தணிப்பதால் இன்னும் சீக்கிரமே தொடங்கிவிடும். அதற்கு மேல் கொட்டுவது தகட்டுக்குப் போவதில்லை, உருண்டைகளுக்குத்தான் போகிறது.

மேடம் சொன்னபடி ஸ்டாலக்மாமீட்டரில் துளிகளை எண்ணினேன். பரப்பு இழுவிசை குறைவது நின்ற இடமும் என் கோடு படுத்த இடமும் கிட்டத்தட்ட ஒன்றே!

பட்டறைக்காரருக்கு இது காசு விஷயம். அதற்கு மேல் போட்டால் மிஞ்சுவது நுரையும் செலவும்தான். கழிவுநீரோடு வெளியேறினால் மீன்களுக்கும் ஆகாது.

பென்சில் எண்களை அழித்துவிட்டேன். அவற்றை மையால் எழுதியிருந்தால், என் சோதனை சொல்ல வந்த ஒரே விஷயத்தை நானே அடித்திருப்பேன். சூடு ஏற்றினால் இந்தக் காவல் என்னவாகும் என்பது அடுத்த அத்தியாயம். அதிலும் கோடு இறங்கத்தான் செய்கிறது. இந்த முறை பென்சிலை எடுக்கவில்லை.