நீல விளக்கு

முகப்பரு இலக்கியப் பத்திரிகையில் எழுதுகிற விஷயமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். மரணம், தனிமை, காமம் பற்றியெல்லாம் அவர் நிறைய எழுதியிருக்கிறார். அவருக்குப் பரு வந்ததே இல்லை. எனக்குப் பதினாறு வயதில் ஆரம்பித்து, பி.ஏ. ஆங்கிலம் முடிக்கிறவரை இருந்தது. வகுப்பில் கீட்ஸ் நடந்துகொண்டிருக்கும்போது தாடையைக் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தக் கை இப்போதும் சில சமயம் தானாக மேலே போகிறது.

கீழ்பென்னாத்தூரில் செய்யக்கூடிய வைத்தியமெல்லாம் செய்தாயிற்று. அம்மா சங்கு இழைத்துப் போட்டாள். வேப்பிலை, பூண்டு, ஜாதிக்காய், விடியற்காலை எச்சில். பரு அதன் காலம் முடிந்து தானாகப் போயிற்று; பெருமை, கடைசியாகப் போட்ட ஜாதிக்காய்க்குப் போய்ச் சேர்ந்தது. (விமர்சனத்திலும் சில பேருக்கு இப்படித்தான் பெயர் கிடைத்திருக்கிறது.)

என் தங்கைக்கு வந்தது வேறு மாதிரி. இருபத்தைந்து வயதுக்கு மேல், தாடையோரமாக, மாதாமாதம், தொட்டால் வலிக்கிற பெரிய பருக்கள். அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். போன வருஷம் புரட்டாசியில் நான் அவளுக்கு ஒரு விளக்கு வரவழைத்துக் கொடுத்தேன். கையில் பிடித்துக்கொள்கிற சாதனம், சவர ரேஸரைவிடக் கொஞ்சம் பெரிது. முனையில் ஒரு நாணய அளவு வட்டத்துக்குள் சின்னச் சின்ன விளக்குகள். பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் நீலம், இன்னொரு தடவை அழுத்தினால் சிவப்பு. செல்போன் சார்ஜரிலேயே செருகிக்கொள்ளலாம். கூடவே ஒரு கறுப்புக் கண்ணாடி. ஒவ்வொரு இடத்திலும் மூன்று நிமிஷம். ராத்திரி சாப்பாடானதும் அவள் பாயில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொள்வாள். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். சுவரெல்லாம் நீலமாகிவிடும்.

கடிகாரம் பார்ப்பதோடு நிற்காமல் விளக்கமும் சொன்னேன். எனக்கு விளக்கம் சொல்லப் பிடிக்கும். தோலின் எண்ணெய்த் துளைக்குள் ஒரு பாக்டீரியா குடியிருக்கிறது; 2016இல் அதற்குக் கூடிபாக்டீரியம் என்று பெயரை மாற்றினார்கள். அது தனக்குள்ளேயே போர்ஃபிரின் என்கிற பொருளைத் தயாரித்துச் சேர்த்து வைத்துக்கொள்கிறது, ரத்தத்தைச் சிவப்பாக்கும் பொருளுக்கு உறவுமுறையானது. 415 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி பட்டால், போர்ஃபிரின் அதை உறிஞ்சிப் பக்கத்திலிருக்கும் ஆக்ஸிஜனை வெறியேற்றிவிடும். பாக்டீரியா தான் சேர்த்து வைத்ததாலேயே சாகிறது. சிவப்பு இன்னும் ஆழமாக இறங்கி வீக்கத்தைத் தணிக்கும் என்கிறார்கள்.

ஃபின்ஸன் கதையையும் சொன்னேன். தோலில் வரும் காசநோயை, வில்விளக்கின் ஒளியைக் கண்ணாடி வில்லைகளால் குவித்துக் குணப்படுத்திய டேனிஷ் மருத்துவர். 1903இல் நோபல் பரிசு. அடுத்த வருஷமே, 43 வயதில், இறந்துபோனார். புற ஊதாக் கதிர்தான் கிருமியைக் கொல்கிறது என்று வெகு காலம் நம்பப்பட்டது. 2005இல் டென்மார்க்கிலேயே அவருடைய பழைய கருவிகளைச் சோதித்தவர்கள், குறுகிய புற ஊதாவை அந்த வில்லைகள் உள்ளே விடவே இல்லை என்று கண்டார்கள். காசநோய்க் கிருமிக்குள் இருந்த போர்ஃபிரின்தான் காரணமாக இருக்கும் என்பது அவர்கள் முடிவு. அதாவது தங்கையின் கையிலிருந்த விளக்கு செய்கிற அதே வேலை. நீல எல்.இ.டி.க்காக ஜப்பானில் பிறந்த மூவருக்கு 2014இல் இன்னொரு நோபல் கொடுத்திருந்தார்கள். "ரெண்டு நோபல் பரிசு உன் தாடையில எரியுது" என்றேன்.

"சூடா இருக்குதுண்ணா" என்றாள்.

ஆறு வாரத்தில் பருக்கள் குறைந்தன. இதை மறைக்க வேண்டியதில்லை, நிஜமாகவே குறைந்தன. ஆனால் பரு அடங்கிய இடங்களில் புளியங்கொட்டை நிறத்தில் தடங்கள் விழுந்தன. அவற்றைச் சுற்றி, வட்ட வட்டமாக, மற்ற தோலும் லேசாகக் கறுத்திருந்தது. அம்மாதான் முதலில் பார்த்தாள். "இன்னாடா, மூஞ்சி கருக்குது?" ஆறுகிறபோது அப்படித்தான் இருக்கும் என்றேன். நீலத்தை இன்னும் இரண்டு நிமிஷம் கூட்டினேன்.

ஐப்பசிக் கடைசியில் செஞ்சிப் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அத்தை போலிருக்கிறது, வயதான அம்மாள், கையிலிருந்த செல்போனை ஒரு தரம் பார்த்தார், தங்கையை ஒரு தரம் பார்த்தார். "போட்டோவில வேற மாதிரி இருந்திச்சே." கெட்ட எண்ணத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. வங்கியில் நான் நாள் முழுக்கச் செய்கிற காரியம் அதுதான். மல்லாட்டைப் பயிருக்கு நகையை வைத்துக் கடன் வாங்க வருகிறவரின் கார்டில் பத்து வருஷத்துக்கு முந்தைய முகம். கவுண்டருக்கு வெளியே வெயில் தின்ற முகம். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது நீங்கதானா?" என்று எத்தனை பேரைக் கேட்டிருப்பேன். அவர்கள் சிரிப்பார்கள். தங்கையும் அன்றைக்குச் சிரித்தாள்.

அதன் பிறகுதான் படித்தேன். கண்ணுக்குத் தெரிகிற ஒளியே கறுத்த தோலை மேலும் கறுக்கவைக்கும், வெள்ளைத் தோலில் அப்படி நடப்பதில்லை என்று 2010இல் டெட்ராய்ட்டில் கண்டிருக்கிறார்கள். 2014இல் பிரான்சில் இன்னும் துல்லியமாக: 415 நானோமீட்டர் நீலம் நிறத்தைக் கூட்டுகிறது, சிவப்பு கூட்டவில்லை. அதே 415. நிறமியைச் செய்கிற செல்லுக்குள் நீலத்தை உணர்கிற ஒரு புரதம் இருப்பதை 2018இல் கண்டுபிடித்தார்கள். பருவுக்கான ஒளிச் சிகிச்சைகளையெல்லாம் தொகுத்துப் பார்த்த 2016ஆம் வருஷத்து காக்ரேன் ஆய்வு, உறுதியாக எதுவும் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை என்று கைவிரித்துவிட்டது. 2019இல் ஓர் அமெரிக்க நிறுவனம் தன் ஒளி முகமூடியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சிலவகைக் கண்கோளாறு உள்ளவர்களுக்கும், ஒளிக்கூச்சம் உண்டாக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் கண்ணில் கேடு வரலாம் என்று. எல்லாம் நான் விளக்கை வாங்குவதற்கு முன்பே அச்சாகி இருந்தவை.

தோலை வகைப்படுத்த மருத்துவர்கள் உபயோகிக்கும் ஓர் அளவுகோல் உண்டு. 1975இல் ஃபிட்ஸ்பாட்ரிக் போட்டது. முதலில் அது வெள்ளைத் தோலுக்கு மட்டும்தான். பழுப்பும் கறுப்பும் பிற்பாடு ஒட்டப்பட்டவை. எலியட்டின் அளவுகோலை வைத்து நம் கவிதைகளை அளக்கிறவர்களைக் கண்டித்து இதே பத்திரிகையில் மூன்று கட்டுரை எழுதியிருக்கிறேன் நான். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யாருடைய தோலுக்கோ கணக்கிட்ட மூன்று நிமிஷத்தைத் தங்கையின் முகத்தில் எண்ணிக்கொண்டிருந்தவனும் நான்தான்.

அந்த அளவுகோல் எதற்காக வந்தது என்பது இன்னும் வேடிக்கை. சோரலென் மருந்தோடு புற ஊதா ஒளியைச் சேர்த்துக் கொடுக்கும்போது யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்வதற்காக. சோரலென் நம் கார்போகரிசியில் இருக்கிறது. நாட்டுமருந்துக் கடையில் கேட்டால் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். வெண்புள்ளி விழுந்தவர்கள் அதை அரைத்துப் பூசிக்கொண்டு வெயிலில் நிற்பார்கள், தோல் கறுப்பதற்காகவே. அது புற ஊதா, இது நீலம், நடக்கிற விதமும் வேறு. இருந்தாலும் வெளிச்சம் தோலைக் கறுக்கவைக்கும் என்கிற விஷயம் தெருக்கோடிக் கடைக்குத் தெரிந்திருக்கிறது.

மார்கழியில் தங்கையைத் திருவண்ணாமலைக்கு ஒரு தோல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். விளக்கையும் பையில் எடுத்துப் போயிருந்தோம். அந்த அம்மாள் முகத்தைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தார். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று முதலில் கேட்டார். நான் சுவரைப் பார்த்தேன். "ரெண்டு வருஷமாவே தள்ளித் தள்ளிப் போவுது மேடம்" என்றாள் தங்கை. இது வீட்டில் எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை. ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். ராத்திரிக்கு ஒரு களிம்பு. சாதாரண சன்ஸ்கிரீன் கண்ணுக்குத் தெரிகிற ஒளியைத் தடுக்காது, நிறம் கலந்தது வாங்குங்கள் என்றார். தடங்கள் மறைய மாதக்கணக்கில் ஆகும்.

பிறகு விளக்கைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இதை யாரும்மா வாங்கினது?"

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை, "நான்தான் மேடம்" என்றாள்.

சீட்டை வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் மருந்துக் கடைக்கு நடந்தோம்.