கயிற்றில் இறங்கியவரும் கடந்து போனவரும்

பத்திரிகைகளில் 'திருத்தம்' என்று ஒரு சிறு பெட்டிச் செய்தி இடம்பெறுவதுண்டு. தவறு முதற்பக்கத்தில் வந்திருக்கும். திருத்தமோ ஐந்தாம் பக்கத்தின் அடியில் ஒதுங்கியிருக்கும். அத்தகைய பெட்டிகள் பலவற்றை என் கையாலேயே எழுதியவன் நான். அதனாலோ என்னவோ, சேர் சார்ள்ஸ் லயல் 1863 ஆம் ஆண்டு எழுதிய ஒரு திருத்தம் சில நாட்களாக என் மனதை விட்டு அகல மறுக்கிறது.

லயல் பிரித்தானியப் புவிச்சரிதவியலாளர். 1830க்கும் 1833க்கும் இடையில் மூன்று பாகங்களாக வெளிவந்த அவரது 'புவிச்சரிதவியலின் தத்துவங்கள்' அத்துறையையே மாற்றியமைத்தது. அதன் முதற்பாகத்தை டார்வின் பீகிள் கப்பலிலே தம்முடன் எடுத்துச் சென்றார். பூமி மிகப் பழையது என்று உலகை நம்ப வைத்த லயல், மனிதனும் பழையவன் என்பதை மட்டும் நெடுங்காலம் நம்பவில்லை.

1833இல் ரைன் நதியை நோக்கிப் பயணம் செய்த அவர், வழியில் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் தங்கினார். அங்கே டொக்டர் பிலிப் சார்ள்ஸ் ஷ்மேர்லிங் என்ற வைத்தியர் இருந்தார். மியூஸ் ஆற்றின் ஓரங்களிலும் அயற் பள்ளத்தாக்குகளிலும் உள்ள சுண்ணக்கற் குகைகளை 1829 முதல் அவர் ஆராய்ந்து வந்தார். ஆஞ்சிஸ் என்னுமிடத்துக் குகைக்குச் செல்வதற்கு மரமொன்றில் கயிற்றைக் கட்டி, அதைப் பற்றிக்கொண்டு நாள் தவறாமல் கீழே இறங்க வேண்டியிருந்தது. பின்னர் ஓர் ஒடுங்கிய வழியால் தவழ்ந்து உள்ளே போக வேண்டும். அங்கே தீப்பந்த வெளிச்சத்தில் கூலியாட்கள் கல்லைப் போல இறுகிய தரையை உடைக்க, இவர் சேற்றில் கால் புதைய, தலையில் நீர் சொட்டச் சொட்ட மணிக்கணக்காக நிற்பார். எந்த எலும்பு எந்த இடத்தில் கிடந்தது என்பதைத் தம் கண்ணாலேயே கண்டு குறித்துக்கொள்வதற்காகத்தான் அத்தனை பாடும்.

அங்கே அழிந்தொழிந்த குகைக்கரடி, காண்டாமிருகம், மம்மத யானை ஆகியவற்றின் எலும்புகளோடு மனித எலும்புகளும் தீக்கற் கருவிகளும் கிடைத்தன. அவ்விலங்குகள் வாழ்ந்த காலத்திலேயே மனிதனும் வாழ்ந்தான் என்று ஷ்மேர்லிங் எழுதினார். 1833-34இல் நூலும் வந்தது.

லயல் சேகரிப்பைப் பார்த்தார், சந்தேகம் தெரிவித்தார். ஷ்மேர்லிங் அளித்த பதிலை லயலே பிற்காலத்தில் பதிவு செய்திருக்கிறார். மனிதன் பிந்தி வந்தவன் என்பதற்காக அவனுடைய எலும்பைச் சந்தேகிப்பதாயின், அதே மண்ணில் அதே நிலையில் கிடக்கும் மானையும் ஓநாயையும் நரியையும் சந்தேகிக்க வேண்டுமே என்பது அதன் சாரம். மறுக்க முடியாத வாதம். எனினும் லயல் பயணத்தைத் தொடர்ந்தார். 1836இல் ஷ்மேர்லிங் காலமானார்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். லயலின் ஐயம் வெறும் பிடிவாதமன்று. குகை நம்பத்தகாத சாட்சி. வெள்ளம் புகுந்து பழையதையும் புதியதையும் கலந்துவிடும். பிற்காலத்தவர் பிணங்களைப் புதைத்திருப்பர். ஆஞ்சிஸில் கிடைத்த வளர்ந்த மனிதனின் மண்டையோடு பிற்காலத்தது என்றே இன்று கருதப்படுகிறது. ஆனால் அதே குகையில் கிடைத்த ஒரு குழந்தையின் மண்டையோடு? அது நியாண்டர்தால் மனித இனத்தைச் சேர்ந்தது என்பது 1936இல், ஷ்மேர்லிங் இறந்து நூறு ஆண்டுகளின் பின், உணரப்பட்டது. ஜேர்மனியின் நியாண்டர் பள்ளத்தாக்கில் 1856இல் எலும்புகள் கிடைத்து அந்த இனத்துக்குப் பெயர் வருவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே, அக்குழந்தை ஷ்மேர்லிங்கின் கையில் இருந்திருக்கிறது.

1858இல் இங்கிலாந்தின் பிரிக்ஸ்ஹாம் குகையிலும், மறு ஆண்டு பிரான்சின் சொம் ஆற்றுப் படிவுகளிலும் கிடைத்த சான்றுகள் லயலின் மனதை மாற்றின. 1860இல் மீண்டும் லியேஜுக்குப் போனார். பேராசிரியர் மலேஸ் என்பவரோடு, ஷ்மேர்லிங் முன்பு தோண்டிய ஆஞ்சியூல் குகையைக் கிளறுவித்தார். லயல் ஊர் திரும்பிய பின்னர் மலேஸுக்கு அங்கே மனித எலும்புகள் கிடைத்தன.

1863இல் 'மனிதனின் தொன்மை' பற்றிய நூலில் லயல் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். கயிற்றையும் சேற்றையும் பற்றி நான் மேலே எழுதியது அந்நூல் தந்த விபரமே. பெரிய மனம்தான். ஆனால் அதே மூச்சில் அவர் இன்னொன்றும் சொல்கிறார். வழிப்போக்கனாக வந்த ஒருவன் நின்று ஆராயாமற் போனது வியப்பன்று. பக்கத்திலிருந்த லியேஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் கால் நூற்றாண்டாக வாய் திறக்காததே வியப்பு என்கிறார்.

அந்த இடத்தில்தான் புத்தகத்தை மூடி வைத்தேன்.

எழுபதுகளில் நான் செய்தி மேசையில் இருந்தபோது, தூரத்துக் கிராமமொன்றில் எமக்குப் பகுதிநேர நிருபராக ஓர் ஆசிரியர் இருந்தார். தமது ஊர்க் குளக்கட்டு வெடித்திருக்கிறது என்று மூன்று தடவை எழுதினார். சைக்கிளில் போய், காலடியால் அளந்து, வெடிப்பின் நீளத்தையும் குறித்திருந்தார். உத்தியோகபூர்வமான உறுதிப்படுத்தல் இல்லை என்று மூன்றையும் நான் மேசை லாச்சியில் போட்டேன். கார்த்திகை மழையில் குளம் உடைப்பெடுத்தது. உயிர்ச்சேதம் இல்லை, வயல்கள் போயின. மறுநாள் நான் எழுதிய குறிப்பில், அவ்வூர்ப் படித்தவர்கள் இதுவரை ஏன் மௌனம் காத்தார்கள் என்று காரசாரமாகக் கேட்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அவர் கொழும்புக்கு வந்தார். "வாங்கோ மாஸ்டர்" என்று கதிரை கொடுத்தேன். தேநீர் வந்தது. அக்காலத்தில் பிரசுரமான செய்திக்கு அங்குலக் கணக்கில்தான் கொடுப்பனவு. வெள்ளச் செய்திக்குரிய பணத்தை எண்ணி வாங்கி, கையொப்பமிட்டார். லாச்சியில் கிடந்த மூன்றைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை.