படி இறங்கும் படம்

பள்ளியில் படிக்கும்போது பிரெஞ்சுக் கலைப் புத்தகம் ஒன்றில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் பார்த்தேன். அடியில் ‘மாடிப்படி இறங்கும் நிர்வாண உருவம்’ என்று பிரெஞ்சில் போட்டிருந்தது. பையன்கள் எல்லோரும் ஆவலாகத் தலையை நீட்டினோம். நிர்வாணமும் இல்லை, உருவமும் இல்லை. மரச்சிராயைக் குவித்த மாதிரி ஏதோ இருந்தது. ஏமாந்துபோய்ப் புத்தகத்தை மூடிவிட்டோம்.

அதை வரைந்தவர் மார்செல் துஷாம். ஆண்டு 1912. பாரிஸ் கண்காட்சிக்கு அனுப்பியபோது தலைப்பை மாற்றச் சொன்னார்கள், அதுவும் அவருடைய சொந்த அண்ணன்மார் மூலமாக. மனுஷர் ஒன்றும் பேசாமல் போய், டாக்சியில் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். 1913இல் நியூயார்க்கில் வைத்தபோது பத்திரிகைகள் கேலி செய்தன. இப்போது அது பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவருக்கு வழிகாட்டியது புகைப்படக்கலை. மாரே என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர் 1880களில், ஒருவர் நடப்பதை ஒரே தகட்டில் அடுத்தடுத்துப் பலமுறை பதிவு செய்தார். கறுப்பு உடை, கை கால் நெடுக வெள்ளைக் கோடு. படத்தில் ஆள் மறைந்து, விசிறி மடிப்பு போலக் கோடுகள் மட்டும் விழும். பழைய ஓவியர்கள் ஓடும் குதிரையை ஒரு கணத்தில் நிறுத்திக் காட்டினார்கள். துஷாம் பல கணங்களை ஒரே துணியில் வைத்தார்.

இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. புரிந்தது என்னவோ முழங்கால் தேய்ந்த பிறகுதான். ஆபீசுக்கு நேரமானால் வீட்டு மாடியிலிருந்து இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடுவேன். படி என்று ஒன்று இருப்பதே அப்போது தெரியாது. இப்போது கைப்பிடியைப் பிடித்து, ஒரு காலை வைத்து, அதன் பக்கத்தில் மறு காலை வைத்து, நின்று மூச்சு வாங்கி, அப்புறம் அடுத்த படி. பதினெட்டுப் படி, பதினெட்டுப் படம்.

போன வாரம் மகன் என் கட்டிலைக் கீழே இறக்கிவிட்டான். “இனிமே மேலே ஏற வேண்டாம்ப்பா” என்றான். சரி என்றேன். மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் மெல்ல ஏறி, ஜன்னலோரம் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டே இறங்கினேன். அவசரமே படவில்லை.

அவனிடம் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வான்.