எலிக்கு ஊசி போடவா டாக்டருக்குப் படித்தாய்?

புதுச்சேரியில், எங்கள் குருசுக்குப்பத்தில் டாக்டருக்குப் படித்த பிள்ளை, கிளினிக் வைக்காமல் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்றால் வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிடுகிறது. “எலிக்கு ஊசி போடவா இத்தனை வருஷம் படிச்சே?” என்கிறார்கள். அந்தப் பெற்றோரிடம் நான் எல்லாப்பிரகட சுப்பாராவ் கதையை எடுப்பேன்.

1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது கதர் அங்கி போட்டதால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தவர். அமெரிக்கா போய், ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்தார். ரத்தத்தில் பாஸ்பரஸ் அளக்க அங்கிருந்த ஆராய்ச்சியாளர் ஃபிஸ்கேயோடு சேர்ந்து 1925-ல் கண்ட முறை அவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. அப்படியும் ஹார்வர்டு நிரந்தர வேலை தரவில்லை. 1940-ல் லெடர்லே கம்பெனிக்குப் போனார். அங்கே அவர் குழு கண்டெடுத்ததுதான் ஹெட்ரசான், அதாவது டி.இ.சி. மாத்திரை.

அந்த மாத்திரை எதற்கென்று புதுச்சேரிப் பெரியவர்களிடம் கேளுங்கள். யானைக்காலுக்கு! சாக்கடையில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு பரப்பும் நோய். அந்த நோயைத் தரும் புழுவின் குட்டி பகலில் ரத்தத்தில் அவ்வளவாக அகப்படாது. அதனால்தான் ரத்தம் எடுக்க வந்தவர்கள் ராத்திரியில் கதவைத் தட்டி விரலில் குத்தினார்கள். வீங்கிய காலை மாத்திரை பழையபடி ஆக்காது. ஆனால் ரத்தத்தில் திரியும் குட்டிகளைக் கொன்று, அடுத்த வீட்டுக்குப் பரவாமல் தடுக்கும். கொசுப் பக்கத்தை, 1975-ல் இங்கே தொடங்கிய நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் பார்த்துக்கொண்டது. 1981 முதல் 1985 வரை நகரத்தின் சாக்கடைகளிலும் கிணறுகளிலும் கொசுவை விடாமல் துரத்தினார்கள். அவர்களில் பூச்சியியலாளர்கள் உண்டு. ஆனால் இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்கு டாக்டரும் அவர்களோடு வேண்டும்.

சுப்பாராவ் 1948-ல், 53 வயதில் போய்விட்டார். யானைக்கால்காரர் ஒருவருக்கும் அவர் கிளினிக் திறந்து சீட்டு எழுதியதில்லை. நோபலும் இல்லை, பெரிய பணமும் இல்லை. பிள்ளையை அனுப்புகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டே அனுப்ப வேண்டும்.

தம்பி, தங்கச்சி, உங்களுக்கும் ஒன்று. முதலில் கொஞ்ச காலம் வார்டில் நின்று நோயாளியைப் பாருங்கள். எந்தக் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை என்பது அங்கேதான் தெரியும். பெற்றோரே, அதற்குப் பிறகும் அவர்கள் ஆராய்ச்சிக்குத்தான் என்றால், சம்பளம் எவ்வளவு என்று மாதாமாதம் கேட்காதீர்கள்.