அக்கரையில் ஆங்கிலம்

மீஞ்சூர் இரயில் நிலையத்தில் காலை வண்டிக்குக் காத்திருப்போரைச் சற்று உற்று நோக்கினால், ஊரின் பிழைப்பு இன்னதென்று விளங்கிவிடும். அத்திப்பட்டு அனல்மின் நிலையம், எண்ணூர்த் துறைமுகம், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை என்று திசைக்கொருவராய்ச் செல்வர். எல்லார் கையிலும் சோற்றுப் பாத்திரம் இருக்கும். 2009ஆம் ஆண்டில் அவர்களிடையே சான்றிதழ்ப் பையோடு நின்றவர் நாம். சென்னைக் கல்லூரியொன்றில் ஆங்கில இலக்கியம் பயின்று பட்டம் பெற்றிருந்தோம். ஷேக்ஸ்பியரின் நாடகம் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுவோம். அஞ்சலகத்தில் ஆங்கிலத்தில் ஓர் உறை கேட்கச் சொன்னால் நா எழாது.

கடை வீதியில் தையல் மிஷினோடு காலம் கழித்த அத்தாவுக்கு, மகன் அயல்நாட்டில் ஆங்கிலம் கற்பிக்க வேண்டுமென்று ஓர் ஆசை. அது வீண் கனவென்று சொல்வதற்கில்லை. ஹைலே செலாசி ஆண்ட காலத்திலேயே எத்தியோப்பியப் பள்ளிகளில் நம் நாட்டு ஆசிரியர் பலர் பணியாற்றினர். 1976இல் நைஜீரியா அனைவருக்கும் தொடக்கக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபின் அங்கும் சென்றனர். பட்டமும் பொறுமையும் இருந்தால் போதும் என்றிருந்த காலம் அது.

நம் காலத்தில் கதவுகள் வேறு விதமாய் அமைந்திருந்தன. தென்கொரியாவை எடுத்துக்கொள்வோம். அந்நாடு ஆங்கிலம் கற்பிக்கும் விசாவை அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா என ஏழு நாட்டுக் குடிமக்களுக்கே வழங்கிவந்தது. 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய ஒப்பந்தம் நம்மவர்க்கும் ஒரு சிறு வாயிலைத் திறந்தது. ஆனால் ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். நம்மிடம் அது இல்லை.

இல்லாததை இருப்பதாக்கித் தருவேன் என்றார் சென்னையில் ஒரு முகவர். கிழக்காசிய நாடொன்றில் வேலை; கட்டணம் 45,000 ரூபாய். அம்மாவின் காப்பு இரண்டும் அடகுக் கடைக்குப் போயின. அத்தா நமக்கு இரண்டு முழுக்கைச் சட்டைகள் தைத்து, கழுத்துப்பட்டியை மும்முறை பிரித்துத் தைத்தார். புறப்படப் பத்து நாள் இருக்கையில் கைக்கு வந்த கடவுச்சீட்டைத் தாய்மாமன் வாங்கிப் பார்த்தார். வளைகுடாவில் இருபதாண்டு உழைத்தவர். "தம்பி, இது சுற்றுலா விசா. இதை வைத்துக்கொண்டு வேலை பார்த்தால் பள்ளிக்கூடத்திற்கல்ல, சிறைக்கூடத்திற்குத்தான் போவாய்" என்றார். நாம் போகவில்லை. பணமும் திரும்பவில்லை. அயல்நாட்டு வேலைக்கு ஆளெடுப்போர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்பதும், அதைச் சரிபார்க்கச் சென்னையிலேயே அரசு அலுவலகம் உண்டு என்பதும் அதன்பின்னரே நமக்குத் தெரிந்தன. ஷேக்ஸ்பியரைப் படித்தவர் அந்த விசாவில் இருந்த ஒரு சொல்லைப் படிக்கவில்லை!

அவ்வாண்டே பி.எட். சேர்ந்தோம். அப்போது அது ஓராண்டுப் படிப்பு. பின்னர் மாலத்தீவுப் பள்ளிக்கென நடந்த நேர்காணலில் தேறி, சான்றிதழ்களுக்குச் சான்றொப்பம் பெற அலுவலகம் அலுவலகமாய் அலைந்து, 2012இல் வடக்கே ஒரு சிறு தீவில் இறங்கினோம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கக் கால் மணி நேரம் போதும். அவர்கள் படகைத் 'தோனி' என்கிறார்கள். பழவேற்காட்டுத் தோணியைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அந்த ஒரு சொல்லே பாதி ஆறுதல்.

மீதி ஆறுதலை வகுப்பறையில் கண்டோம். முதல் நாள் ஒரு சிறுவனைப் படிக்கச் சொன்னோம். 'இஸ்கூல்' என்றான். நமக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. மீஞ்சூர் அரசுப் பள்ளியில் நாமும் 'இஸ்கூல்' என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். முன்னால் ஓர் 'இ' சேர்க்காமல் நாவு புரளாது. மிதிவண்டி டியூபில் காற்று இறங்குவதுபோல் முதலில் 'ஸ்ஸ்' என்று இழுக்கச் சொல்லி, பிறகு 'கூல்' சேர்க்க வைத்தார் அன்றைய நம் ஆசிரியர். அதே டியூபைத் தீவிலும் ஊதினோம். ஒரு வாரத்தில் வகுப்பே சீறியது!

சிறுபிள்ளைகள் சிலர் ஆங்கில நோட்டையும் பின்புறமாகத் திறப்பர். அவர்களது தானா எழுத்து வலமிருந்து இடம் செல்வது. அதன் முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்களிலிருந்து பிறந்தவை. இதில் நாம் வியக்க என்ன இருக்கிறது? காலையில் மதரஸாவில் வலமிருந்து ஓதிவிட்டு, பத்து மணிக்குப் பள்ளியில் இடமிருந்து எழுதிய பிள்ளைகள்தாமே நாமும்! அப்பிள்ளையின் கை எங்கே தயங்கும் என்பது, ஆங்கிலத்தைத் தாய்ப்பாலோடு அருந்தியவர்க்குப் புரிய நாளாகும். ஏழு நாட்டுப் பட்டியலில் இடம்பெறாத நமக்கு அது முதல் நாளே புரிந்தது.

ஆயினும் நம் குறையையும் சொல்லத்தான் வேண்டும். மேல்வகுப்பு மாணவர் கேம்பிரிட்ஜ் தேர்வுக்குப் பயில்வர். அதற்கான ஒலிநாடாவை ஓட்டினால், ஆங்கிலேயர் விழுங்கிப் பேசும் சொற்களில் சில நமக்கே பிடிபடா. இரவில் அறையில் தனியே அமர்ந்து, மறுநாள் பாடத்தை நான்கைந்து முறை கேட்டுவிட்டே வகுப்புக்குச் செல்வோம். ஒரு மாணவி, "சார், உங்களுக்கும் இது கடினமா?" என்று கேட்டாள். ஆம் என்றோம். அன்றுமுதல் அவள் சந்தேகம் கேட்கத் தயங்கியதில்லை.

மூன்றாண்டு இருந்தோம். முதலாண்டுச் சேமிப்பில் காப்புகளை வட்டியோடு மீட்கச் சொல்லிப் பணம் அனுப்பினோம். மீட்டதாக அத்தா தொலைபேசியில் சொன்னார். 2015இல் ஊர் திரும்பியபோது அம்மாவின் கை வெறுமையாகவே இருந்தது. காப்பு எங்கே என்று கேட்டோம். தங்கை அப்போது பி.எட். படித்துக்கொண்டிருந்தாள், அதற்குள் அது ஈராண்டுப் படிப்பாகிவிட்டிருந்தது. "அவளுக்கும் பணம் கட்ட வேண்டாமா?" என்று சொல்லிவிட்டு, அம்மா உலையில் அரிசியைப் போட்டார்.